நிழலைத் தொலைத்தவளும் கறாரக்காவின் வயிற்றெரிச்சலும்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் கறாரக்கா என்றால்தான் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தலையணை உறையை ஒரு விரற்கடை கோணலாக மடித்துவிட்டால் போதும், "இதுல தலை வெக்கிறவனுக்குக் கழுத்து சுளுக்கிக்கும்" என்று பிரித்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்வாள். மேற்பார்வையாளர்கூட அவள் பக்கம் வரும்போது சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். இத்தனைக்கும் ஆள் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது.

சலவைக்கூடத்தில் துவைக்கிற இடம் ஒரே இரைச்சல். மடிக்கிற அறை தனி. உலர்த்தி வந்த படுக்கை விரிப்புகளைச் சூடு ஆறுவதற்குள் மடிக்க வேண்டும், ஆறிவிட்டால் சுருக்கம் விழுந்துவிடும். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, தள்ளி நின்று உதறி, மூலையோடு மூலை சேர்த்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வர வேண்டும். ஒருத்தி தன் மூலைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். திரும்பவும் வருவாள். பெரிய விரிப்பு என்றால் இரண்டு பேரும் மூன்று தடவை மூக்கோடு மூக்கு உரசும் தூரத்துக்கு வந்து போவார்கள்.

கறாரக்காவோடு மடிப்பவள் நெட்டை. பெயரே சொல்லிவிடும், ஆள் உயரம். அவள் கையைத் தாழ்த்துவாள், இவள் குதிகாலைத் தூக்குவாள், விரிப்பு நேராக நிற்கும். பதினான்கு வருஷமாக இதே ஜோடி. இவர்கள் பேசிக்கொள்வதும் விரிப்பு மடிக்கிற கணக்கில்தான். தள்ளி நிற்கும்போது பேசினால் அறை முழுக்கக் கேட்கும், அதனால் கிட்டே வரும்போது ஆளுக்கொரு வாக்கியம். மீதி அடுத்த மடிப்பில். அப்படித் துண்டு துண்டாக அவர்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் புத்தகங்களைப் பற்றி.

மாதம் ஒருமுறை நடமாடும் நூலக வண்டி சலவைக்கூட வாசலில் வந்து நிற்கும். வருஷத் தொடக்கத்தில், அந்த வருஷம் முழுக்க என்னென்ன புத்தகம் வேண்டும் என்று பன்னிரண்டு பெயர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மாதத்துக்கு ஒன்றாக வண்டிக்காரர் கொண்டு வருவார். அந்தப் பன்னிரண்டையும் பொறுக்கி எடுப்பது கறாரக்கா. பொறுக்குவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வண்டியில் ஏறி நின்று முதல் பக்கத்தைப் படிப்பாள். பிறகு நடுவில் ஒரு பக்கத்தைப் பிரிப்பாள். அங்கே யாராவது சமைத்துக்கொண்டோ சண்டை போட்டுக்கொண்டோ இருந்தால் புத்தகம் தேறிவிட்டது. குடும்பக் கதை, கொலை வழக்கு, இரண்டும் கலந்திருந்தால் இன்னும் விசேஷம். மாயாஜாலம், சாகசம் என்று அட்டையில் வாள் தெரிந்தாலே கீழே வைத்துவிடுவாள்.

"பறக்குற குதிரைக்குப் புல்லு யாரு போடுறா? அதை மட்டும் ஒருத்தனும் எழுத மாட்டான்" என்பாள். வண்டிக்காரர் சிரிப்பார். நெட்டையும் சிரிப்பாள்.

சலவைக்கூடத்தில் படிக்கிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். புத்தகம் வந்தால் முதல் பாதி மாதம் கறாரக்காவிடம், மறு பாதி நெட்டையிடம். முதலில் படித்துவிட்ட திமிரில் கறாரக்கா கண்ணைச் சிமிட்டி, "நீ அந்தக் கல்யாணம் வரைக்கும் வா, அப்புறம் பேசு" என்று ஆசை காட்டுவாள். ஆனால் ஒன்று. முடிவை மட்டும் வாயே திறக்க மாட்டாள். நெட்டை கெஞ்சினாலும் சொன்னதில்லை. வாசகி என்ற முறையில் அவள் தனக்கென்று வைத்திருந்த ஒரே கட்டுப்பாடு அதுதான்.

இந்த நிலையில்தான் தையல்காரி வந்து சேர்ந்தாள். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடவும் நாடா அறுந்த அங்கிகளுக்கு நாடா வைக்கவும் புதிதாக எடுத்த ஆள். சின்ன வயசு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. மடிக்கிற அறையின் கோடியில், ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வந்த நாளிலிருந்து நெட்டையின் கண்ணுக்குக் கிழிசலாகத் தெரிய ஆரம்பித்தது. கொசு நுழைய முடியாத ஓட்டையைக் கண்டுபிடித்து, "இதைக் கொடுத்துட்டு வந்துடறேன்க்கா" என்று போவாள். போனால் லேசில் வர மாட்டாள். அங்கே நின்று கையை விரித்து, கண்ணை உருட்டி, என்னவோ சொல்லிக்கொண்டிருப்பாள். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்பாள்.

கறாரக்கா கையில் பாதி விரிப்போடு தனியாக நிற்பாள். தனி ஆளாக விரிப்பு மடிப்பதைவிட அசிங்கமான காரியம் சலவைக்கூடத்தில் கிடையாது. தாடையில் ஒரு மூலையை இடுக்கிக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும்.

அவளுக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க அவளும் முயன்று பார்த்தாள். வேலை கெடுகிறது என்று சொல்லிக்கொண்டாள், பொறுப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டாள். எதுவும் ஒட்டவில்லை. பொறாமை பொறாமையாகவே இருந்தது.

வருஷம் பிறந்தது. வண்டி வருகிற அன்று பார்த்துக் கறாரக்காவின் கடைவாய்ப் பல் கன்னத்தை வீங்க வைத்துவிட்டது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு நாள் கழித்து வந்தவள், தேநீர் அறைச் சுவரில் ஒட்டியிருந்த புதுப் பட்டியலைப் பார்த்தாள். 'பனிமலையின் பதிமூன்று கதவுகள்.' 'திமிங்கிலம் இழுத்த கப்பல்.' 'நிழலைத் தொலைத்தவள்', அது நான்கு பாகம், நான்கும் முதல் நான்கு மாதத்துக்கு வரிசையாக. பன்னிரண்டில் எட்டு மாயாஜாலமும் சாகசமும். குடும்பக் கதைகள் நான்கு, கடைசியில் ஒண்டிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு முதல் விரிப்பை உதறியபோது காற்றில் சாட்டை அடித்த மாதிரி சத்தம் வந்தது.

"என்னடி இது, பள்ளிக்கூடத்துப் பட்டியலைக் கொண்டுவந்து ஒட்டிட்டாங்களா?"

"நான்தான்க்கா எழுதிக் கொடுத்தேன். நீ இல்லையே."

"இல்லைன்னா? பல்லு பிடுங்கத்தானே போனேன், செத்தா போயிட்டேன்?"

நெட்டை அடுத்த மடிப்புக்குக் கிட்டே வந்தாள். வந்ததும், "ஒரு மாறுதலுக்குத்தான்க்கா" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தாள். அங்கே தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

கறாரக்காவுக்கு அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. எல்லாம் அவள் வேலை. வந்து நாலு மாசம் ஆகவில்லை, பட்டியலில் கை வைத்துவிட்டாள்.

வீட்டில் அன்று தட்டுகள் மேஜையில் விழுந்த வேகத்தைப் பார்த்துப் புருஷன் பேப்பரைக் கீழே இறக்கினார். அவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நூறு பேர் கோபத்தைப் பார்ப்பவர், வீட்டில் இருப்பதைக் கண்டு அசர மாட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அடுத்த தெரு டீச்சருக்கு நான் ஒரு வருஷமா பஸ்ல சீட்டுப் பிடிச்சுக் கொடுத்தேன். ஊரே பேசுச்சு. நீ ஒரு வார்த்தை கேக்கல. இப்ப நெட்டை ஒருத்திகிட்டச் சிரிச்சுப் பேசினதுக்கு இந்தக் கொதி கொதிக்கிற."

"உங்களை யாரு கொத்திட்டுப் போகப் போறா?" என்றாள் கறாரக்கா.

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்பதுபோல் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

முதல் மாதம் வண்டி கொண்டுவந்தது 'நிழலைத் தொலைத்தவள்' முதல் பாகம். தலையணை கனம். நெட்டை அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கறாரக்கா கையை நீட்டலாமா வேண்டாமா என்று நின்றாள். "நீதான் பிள்ளைங்க படிக்கிறதுன்னு சொல்லிட்டியேக்கா" என்று நெட்டை வெகுளியாகச் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நாளில் புத்தகம் தையல்காரியின் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. இவள் நாலு அத்தியாயம், அவள் நாலு அத்தியாயம் என்று மாற்றி மாற்றிப் படிக்கிறார்களாம். பதினான்கு வருஷமாக எந்தப் புத்தகமும் முதலில் தன் வீட்டு அலமாரியில்தான் இறங்கியது. இது நேற்று வந்தவளின் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

கறாரக்கா ஒட்டுக்கேட்க ஆரம்பித்தாள். ஒரு படகோட்டியின் மகள். ஒருநாள் விடிந்து பார்த்தால் அவளுடைய நிழலைக் காணோம். நிழல் இல்லாதவளைத் தண்ணீர் தாங்காதாம், படகில் ஏற முடியாது. நடந்தே தேடிப் போகிறாள். வழிகாட்டியாக ஒரு கிழவன் கூட வருகிறான்.

"அந்தத் தாத்தா வர்ற இடமெல்லாம் நான் ரெண்டு தடவை படிக்கிறேன்" என்று நெட்டை ஜன்னலோரம் சொல்வது கேட்டது. "எங்கப்பா மாதிரியே பேசுறாரு. 'காலைப் பாத்து நட, வானம் எங்கேயும் போயிடாது'ங்கிறாரு பாரு, அப்படியே எங்கப்பா."

நெட்டையின் அப்பாவைப் பற்றிக் கறாரக்காவுக்கு எதுவும் தெரியாது. இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சு வந்ததில்லை. தெரியாமல் போனது தன் குற்றம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தையல்காரிக்குத் தெரிந்திருக்கிறதே என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை வேலை முடியும்போது அவள் வலியப் போய்க் கேட்டாள். "எங்க, அந்தப் புத்தகத்தைக் கொடு. நாளைக்கு லீவுதானே, ஒரு பார்வை பாத்துட்டுத் தரேன்."

நெட்டையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பூரித்துவிட்டது. "நிஜமாவாக்கா? எடுத்துட்டுப் போக்கா. உனக்குப் பிடிக்கும் பாரு, சமையல்கூட வருது. என் அடையாளத்தை மட்டும் எடுத்துடாதே." புத்தகத்தின் நடுவில் பழைய பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறாரக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நடுப் பக்கத்தைப் பிரிக்கவில்லை. நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் செய்யாத காரியம் அது. யார், எவர், எதற்கு அழுகிறார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. தேவையானது மட்டும் புரிந்தது. புத்தகத்தை மூடி, பஸ் டிக்கெட் நகர்ந்துவிடவில்லையே என்று சரிபார்த்துப் பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை முதல் விரிப்பு. உதறினார்கள். முதல் தடவை கிட்டே வந்தபோது நெட்டை ஆசையாகக் கேட்டாள், "படிச்சியாக்கா?"

"படிச்சேன்."

இரண்டாவது தடவை. "தாத்தாவைப் பிடிச்சுதா?"

கறாரக்கா குனிந்தாள், மடிப்பை எடுத்தாள், பின்னால் போனாள், வந்தாள். இப்போதும் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஜன்னலோரம் தையல்காரி எதற்கோ கலகலவென்று சிரித்தாள்.

"அந்தக் கிழவன்தான் நிழலைத் திருடினவன்" என்றாள். "கடைசில அவனே ஒத்துக்கிறான்."

நெட்டையின் கை விட்டுவிட்டது. விரிப்பு தரையில் விழுந்தது. தரையில் விழுந்த துணி அழுக்குத் துணி, திரும்பத் துவைக்கப் போக வேண்டும். இந்த ஜோடி கையிலிருந்து ஒன்றுகூட விழுந்து அந்த அறை பார்த்ததில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டை அதைச் சுருட்டி அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த விரிப்பை எடுத்தாள். "மூலை" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியது வேலைப் பேச்சு மட்டும்தான். மூலை, உதறு, கொடு. அந்த வாரம் முழுக்க இந்த மூன்று வார்த்தை. கிட்டே வரும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். அவ்வளவு உயரத்திலிருந்து கண்ணைத் தாழ்த்தினால் குள்ளமாக இருப்பவள் முகத்தில்தான் விழ வேண்டும், எப்படியோ விழாமல் பார்த்துக்கொண்டாள். கறாரக்கா நினைத்தது நடந்துவிட்டது, நெட்டை ஜன்னலோரம் போவதையும் நிறுத்திவிட்டாள். ஆனால் மூன்றாம் நாளே கறாரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை போட்டாலாவது பதிலுக்குக் கத்தலாம். "மூலை" என்று சொல்பவளிடம் என்னத்தைக் கத்துவது?

சனிக்கிழமை தேநீர் அறையில் தையல்காரி வந்து எதிரில் நின்றாள். சிரிப்பைக் காணோம்.

"அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் என்னக்கா சண்டை? நெட்டக்கா சொல்ல மாட்டேங்கிறாங்க. புத்தகத்தையும் மூடி வெச்சுட்டாங்க."

நெட்டை தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது முதலில் சுருக்கென்றது. அதை மறைக்கக் கறாரக்கா குரலை உயர்த்தினாள். "நீ ஏத்திவிட்டதுதானே எல்லாம்? டிராகனும் திமிங்கிலமும் நீ எழுதச் சொன்னதுதானே?"

"நானா?" தையல்காரி நெஞ்சில் கை வைத்தாள். "நான் பள்ளிக்கூடத்தை விட்டப்புறம் ஒரு புத்தகம் தொட்டதில்லக்கா. நெட்டக்காதான் கதை சொல்லிச் சொல்லிப் படிக்க வெச்சாங்க. சின்ன வயசுல அவங்கப்பா இந்த மாதிரிக் கதையெல்லாம் வாங்கிட்டு வந்து படிச்சுக் காட்டுவாராம். திரும்பப் படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசையாம். இந்த வருஷம்தான் எழுதிக் கொடுக்க முடிஞ்சுதுன்னு அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க."

கறாரக்கா தேநீரைக் கீழே வைத்தாள். இப்போது யார்மேல் பொறாமைப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இவள் பட்டியலைத் திருடவில்லை. ஆனால் நெட்டை இத்தனை காலம் தன்னிடம் சொல்லாத ஆசையை இவளிடம் சொல்லியிருக்கிறாள். அது இன்னும் ஆழமாகப் போய் எரிந்தது.

திங்கட்கிழமை விரிப்பு விரிந்ததும் கறாரக்கா கிட்டே வரும்வரை காத்திருக்கவில்லை. தள்ளி நின்றபடியே, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்குப் பொறாமைடி. அவகிட்ட நீ சிரிச்சுப் பேசினது எனக்குப் பொறுக்கல. அதான் முடிவைச் சொன்னேன். புத்தகத்தை நான் படிக்கவே இல்ல, கடைசியை மட்டும் படிச்சேன்."

தலையணை உறை மடிப்பவர்கள் கை நின்றது. மெஷின் நின்றது. நெட்டை விரிப்பைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். கிட்டே வந்து, பழைய குரலில், தணிவாகச் சொன்னாள்.

"பதினாலு வருஷம் நீ பொறுக்கினதைத்தான்க்கா நான் படிச்சேன். ஒரு தடவை நான் பொறுக்கினேன். அதுல ஒரு முடிவைக்கூட நீ எனக்கு விட்டு வெக்கல."

"ஏன்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல, உனக்கு இதுதான் பிடிக்கும்னு?"

"நீ விட்டாத்தானே? பறக்குற குதிரைக்குப் புல்லு யாரு போடுறான்னு நீ கேட்டு முடிச்சதும் எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் நான் எதைச் சொல்றது?"

கறாரக்காவுக்கு அழுகை வந்தது. கை இரண்டிலும் மூலை இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நெட்டை விரிப்பின் ஓரத்தாலேயே துடைத்துவிட்டாள். "இதுவும் அழுக்குக் கூடைக்குப் போச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ரெண்டாம் பாகம் அடுத்த மாசம் வரும்" என்றாள் நெட்டை. "நானும் அவளும் படிப்போம். நீ தொடக்கூடாது. நான் சொல்வேன், நீ கேட்டுக்கோ. சம்மதமா?"

வேறு வழியில்லை. கறாரக்கா தலையாட்டினாள்.

இரண்டாம் பாகம் வந்தது. கறாரக்காவின் வாழ்க்கையில் அப்படி ஒரு மாதம் வந்ததில்லை. புத்தகம் கண்ணெதிரே தேநீர் அறை அலமாரியில் கிடக்கும், தொட முடியாது. தையல்காரி அதைப் பையில் போட்டுக்கொண்டு போவாள், இவள் வெறும் கையோடு பஸ் ஏறுவாள். பொறாமை தீரவில்லை. மடிப்புக்கு ஒரு வாக்கியமாக நெட்டை சொல்லச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே பொறாமைப்பட வேண்டியதாயிற்று. ஆனால் நெட்டை சொல்வாள் பாருங்கள். கிழவனின் நடையை நடந்து காட்டுவாள், ஆற்றைக் கடக்கும்போது விரிப்பையே அலையாக்கிவிடுவாள். இப்படி ஒருத்தி எதிரில் நின்றிருக்கிறாள் என்பதே கறாரக்காவுக்கு இதுவரை தெரியாது. பக்கத்து மேஜைக்காரிகள் தலையணை உறையோடு நகர்ந்து நகர்ந்து வந்தார்கள். கறாரக்கா அவர்களை முறைத்தாள். அவர்கள்மேலும் பொறாமையாக இருந்தது.

மாதக் கடைசியில், வண்டி வருவதற்கு முந்தின நாள், படகோட்டியின் மகள் நடு ஆற்றில் நின்றாள். திரும்பக் கிடைத்த நிழல் அவளுக்குப் பொருந்தவில்லை. இன்னொருத்தியின் நிழல் அது.

"அந்த இன்னொருத்தி கரையில நிக்கிறா" என்றாள் நெட்டை. "கையில கத்தி."

மடித்தார்கள். பிரிந்து போய், திரும்பி வந்தார்கள். "அப்புறம்?"

"நிழலைக் கொடுத்தாத் தண்ணி தாங்காது. கொடுக்கலைன்னா கத்தி." நெட்டை மடித்த விரிப்பைக் கையால் தடவி அடுக்கில் வைத்தாள். அதுதான் அன்றைக்குக் கடைசி விரிப்பு.

"அப்புறம் என்னடி ஆச்சு?"

"முடிவு என் வாயால உனக்குக் கிடையாதுக்கா. அவகிட்டப் போய்க் கேளு."

கறாரக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். தையல்காரி வேலையை முடித்து மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து கறாரக்கா அந்த மூலைக்குப் போனதே இல்லை. கிழிசலைக்கூட யாரிடமாவது கொடுத்துத்தான் அனுப்புவாள்.

"சொல்லுவாளா?"

"நல்லபடியாக் கேட்டா சொல்லுவா."

அறையின் நீளம் முழுக்க நடந்து போய்த் தையல்காரியின் மெஷின் முன்னால் நின்றாள். தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள், எதற்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிரிக்காமல், இருந்த ஒரே முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. முடிவை மட்டும் சொல்லட்டுமா?"

கறாரக்கா உட்கார்ந்தாள். கால் தரையில் படவில்லை.

"வேண்டாம்மா" என்றாள். "முதல் பாகத்துலேருந்து சொல்லு. நான் படிக்கல."